மார்கெல்லாவின் அடுப்பில் நாற்பத்தொரு தாம்பாளங்கள்

எங்கள் ஊர்ச் சங்கம் போன மாதம் ஒரு மலர் வெளியிட்டது. தொண்ணூறு பக்கம், வழவழப்பான தாள். பதினேழாம் பக்கத்தில் புனித நிக்கொலாஸ் கோவிலின் ஊர்ப் பொது அடுப்பைப் பற்றி ஒரு பத்தி. அதில் ஒரு வரி: "போருக்குப் பின் நெடுங்காலம் ஒரு பெண் இந்த அடுப்பைக் கவனித்து வந்தார்." அதே மலரில் கேப்டன் லெயோனிஸ் வீட்டுத் தோட்டச் சுவருக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். சுவரின் போட்டோ வேறு.

அந்த ஒரு பெண்ணுக்குப் பெயர் உண்டு. மார்கெல்லா. என் தங்கை. 1946 முதல் 1979 வரை முப்பத்துமூன்று வருடம் அந்த அடுப்பு அவள் கையில் இருந்தது. மலரைத் தொகுத்தவர் சங்கச் செயலாளர், தையற்காரர் பெரிக்லிஸின் மகன். ஏதென்சில் படித்தவர். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நடந்ததை நடந்த வரிசையில் எழுத ஐந்தாம் வகுப்பு போதும்.

என் பெயர் இசிதோரோஸ். செம்புப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுவது என் தொழில், என் அப்பாவின் தொழில். ஹியோஸ் தீவின் எங்கள் துறைமுகத் தெருவில் மீன் வேகும் தாம்பாளம் ஒவ்வொன்றும் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை என் கைக்கு வரும். எந்த வீட்டுத் தாம்பாளத்தில் எந்த இடத்தில் நெளிவு, வெறும் தாம்பாளம் எவ்வளவு எடை என்பதெல்லாம் எனக்குத் தெரியும். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பின்னால் தேவைப்படும், அதனால் சொல்கிறேன்.

மார்கெல்லா என்னைவிட ஏழு வயது இளையவள். அவளுக்கு நான்கு வயதிருக்கும்போது பட்டறையில் உருக்கிய ஈயம் அவள் இடது கையில் கொட்டியது. கரண்டியைப் பிடித்திருந்தவன் நான். கை பிழைத்தது. ஆனால் நான்கு விரல்களும் ஒன்றோடொன்று ஒட்டி, பாதி மடங்கிய நிலையில் நின்றுவிட்டன. அந்தக் கையால் தள்ளலாம், அணைத்துப் பிடிக்கலாம். கிள்ள முடியாது, எதையும் நுனியில் பிடிக்க முடியாது.

அவளுக்குப் பதினெட்டு வயதில் ஒரு சம்பந்தம் வந்தது. பையன் நல்லவன், கப்பலில் எண்ணெய் போடுகிறவன். அவனுடைய அக்கா கலியோப்பி பெண் பார்க்க வந்தாள். அப்போதே அவள் கேப்டன் லெயோனிஸின் மனைவி. எங்கள் அம்மா கொடுத்த இனிப்பைத் தொடக்கூட இல்லை. மார்கெல்லாவின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சந்தையில் மீனின் செவுளைப் புரட்டிப் பார்ப்பது போல.

"சட்டைப் பித்தான் தைக்கத் தெரியாத கை. ஊசியில நூல் கோக்கத் தெரியாத கை. இத வச்சிக்கிட்டு என் தம்பி என்ன பண்ணுவான்?" என்றாள்.

எங்கள் அம்மா முன்னால், வந்திருந்த ஆறு பெண்கள் முன்னால் அதைச் சொன்னாள். சம்பந்தம் போயிற்று. அந்த வார்த்தை போகவில்லை. அடுத்த பத்து வருடமும் தெருவில் யாராவது மார்கெல்லாவைச் சீண்ட நினைத்தால் "பித்தான்" என்றால் போதும்.

போர் முடிந்த அடுத்த வருடம் கோவில் அடுப்பு ஆளில்லாமல் கிடந்தது. பழைய ரொட்டிக்காரர் பஞ்சத்தில் இறந்துபோயிருந்தார். மார்கெல்லா நேராகக் கோவில் பாதிரியார் யாக்கோவோஸ் சாமியிடம் போய், "அடுப்ப நான் பாத்துக்கறேன் சாமி" என்று கேட்டாள். ஒற்றைக் கைக்காரி எப்படிப் பார்ப்பாள் என்று ஊர் சிரித்தது. ரொட்டி தள்ளும் நீண்ட மரத் துடுப்பின் காம்பை இடது கை மடிப்பில் சொருகி, வலது கையால் தள்ளினாள். ஒரு மாதத்தில் சிரிப்பு நின்றது.

அவள் மீன் வேகவைக்கும் முறையை எழுதிவைக்கிறேன். மலரில் இது இருந்திருக்க வேண்டும்.

விடிவதற்குள் ரொட்டி வெந்து முடிந்துவிடும். நெருப்பை வாரி ஓரம் தள்ளியபின் அடுப்புத் தரை மெல்லச் சூடு இறங்கும். மீனுக்கு இறங்கும் சூடுதான் வேண்டும், ஏறும் சூடு ஆகாது. ஓர் எலுமிச்சை இலையைத் தரையில் போடுவாள். பத்து எண்ணுவதற்குள் சுருண்டால் ரொட்டிச் சூடு. முப்பது வரை தாங்கினால் மீனைக் கொண்டுவா என்று அர்த்தம். தாம்பாளத்தில் அடியில் வெங்காயம், அதன்மேல் வட்ட வட்டமாய்க் கேரட், செலரித் தண்டு, பூண்டு. அதன்மேல் மீன். மீனின் இரு பக்கமும் எலும்பு வரை கீறி, ஒவ்வொரு கீறலிலும் பாதி எலுமிச்சை வட்டத்தைச் சொருக வேண்டும். வயிற்றில் செலரித் தழை. பிறகு ஆலிவ் எண்ணெய், ஆரஞ்சுச் சாறு. வீட்டுப் பெண்கள் இதையெல்லாம் வீட்டிலேயே செய்து, மேலே தாள் மூடிக் கொண்டுவருவார்கள். வேகவைப்பது மட்டும் மார்கெல்லா. எந்தத் தாம்பாளம் வாய்ப்பக்கம், எந்தத் தாம்பாளம் உள்ளே, எதை எப்போது திருப்ப வேண்டும் என்பது அவள் தலைக்குள் இருந்தது.

அந்த அடுப்புக்கு ஒரு சட்டமும் இருந்தது. தாள் மூடிய தாம்பாளத்துக்குள் என்ன இருக்கிறது என்று அடுப்புக்காரி வெளியே சொல்லக் கூடாது. யாரும் எழுதிவைத்த சட்டமில்லை. ஆனால் யார் வீட்டில் நல்ல மீன், யார் வீட்டில் நெத்திலி, யார் வீட்டில் ஒன்றுமில்லை என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். ஒன்றுமில்லாத வீடுகளும் தாம்பாளம் அனுப்பும். பண்டிகை நாளில் தாம்பாளம் தூக்கிக்கொண்டு தெருவில் நடக்காத வீட்டை ஊர் வாயில் போட்டு மெல்லும். அதனால் உருளைக்கிழங்கை மீன் நீளத்துக்கு அடுக்கி, மேலே எலுமிச்சையை வரிசையாய்ப் பரப்பி, தாள் மூடி அனுப்புவார்கள். மார்கெல்லா அதையும் மற்றதைப் போலவே வாங்கி வைத்து, சிவக்க வேகவைத்து, அதே தாளை மூடித் திருப்பிக் கொடுப்பாள். எனக்குக்கூடச் சொன்னதில்லை. தாம்பாளத்தைத் தூக்கிக் கொடுத்தவன் நான் என்பதால் எனக்கு எடை தெரிந்தது. அவ்வளவுதான்.

இப்போது 1961 டிசம்பர் ஆறுக்கு வருகிறேன்.

அன்று புனித நிக்கொலாஸ் திருநாள். கிறிஸ்துமஸ் நோன்பு நடந்துகொண்டிருந்தாலும் அன்றைக்கு மீன் உண்டு. அன்று மாலையே கோவில் குழு கூடி, அடுத்த மூன்று வருடத்துக்கு அடுப்பு யாருக்கு என்று முடிவு செய்யும். குழுவில் மூன்று பேர்: யாக்கோவோஸ் சாமி, கேப்டன் லெயோனிஸ், தையற்காரர் பெரிக்லிஸ். ஐந்து முறை அது சடங்காகத்தான் நடந்தது. அந்த வருடம் அப்படி இல்லை. கலியோப்பிக்குத் தன் அண்ணன் மகன் அனேஸ்திஸை அடுப்பில் உட்காரவைக்க ஆசை. எண்ணெயில் எரியும் புது அடுப்பு போடுவானாம். அவன் வாழ்க்கையில் ஒரு ரொட்டியைக்கூடத் திருப்பிப் போட்டதில்லை.

"அடுப்பு போனா என்ன பண்ணுவ?" என்று காலையில் கேட்டேன்.

"நாற்பத்தோரு வயசு. ஒரு கை. என்ன பண்ணுவேன்? உன் வீட்டு மூலையில உக்காந்து உன் பொண்டாட்டி வாயப் பாத்துக்கிட்டு இருப்பேன்" என்றாள்.

என் மனைவிக்கும் அவளுக்கும் ஆகாது. அது வேறு கதை.

அதற்கு முன் ஆறு நாளாக வடகாற்று. ஒரு படகும் கடலுக்குப் போகவில்லை. துறைமுகத்துக்குள்ளேயே வலை போட்டுப் பிடித்த மடவை மீன் சில வீடுகளுக்கு, உப்பு மீன் சில வீடுகளுக்கு. கலியோப்பி மட்டும் மூன்று நாளாகத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அனேஸ்திஸ் தீவின் மறுபக்கத்திலிருந்து நான்கு கிலோ சினாக்ரிதா கொண்டுவருகிறானாம். ரோஜா நிறச் செதில் மீன், எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் மீன் இல்லை. ஆயர் இல்லத்திலிருந்து பெரிய சாமி ஒருவர் பூசைக்கு வருகிறார், அவருக்கும் குழுவுக்கும் அவள் வீட்டில்தான் விருந்து. சாப்பாட்டு மேசையிலேயே அடுப்பு விவகாரத்தை முடித்துவிட நினைத்தாள்.

ஆறு மணியிலிருந்து தாம்பாளங்கள் வந்தன. ஒன்பது மணிக்குள் நாற்பது. வாசலில் நான் வாங்கி, அவளிடம் நீட்டினேன். மூன்று தாம்பாளங்களில் மீன் எடை இல்லை. நாற்பத்தொன்றாவதாக, மணி அடித்துப் பெரும்பாலானவர்கள் பூசைக்குக் கிளம்பும் நேரத்தில், வேலைக்காரி தாம்பாளத்தைச் சுமக்கக் கலியோப்பி வந்தாள். கூட்டத்துக்குத் தெரிய வேண்டும் என்றே தாளை ஒரு பக்கம் விலக்கியிருந்தாள். மீன்மேல் எலுமிச்சை இல்லை. நார்த்தங்காய்! விரல் பருமன் வெள்ளைத் தோலோடு, செதில் செதிலாய் அடுக்கிய நார்த்தை வட்டங்கள். எங்கள் தெருவில் நார்த்தை மரம் அவள் தோட்டத்தில் மட்டும்தான். மலரில் அரைப் பக்கம் கிடைத்த சுவர் அந்த மரத்துக்காகக் கட்டியது. உச்சியில் கண்ணாடிச் சில்லு பதித்திருக்கும்.

"முன்னாடி வை. பெரிய சாமிக்குப் போறது" என்றாள்.

"முன்னாடி இடம் ஆறு மணிக்கு வந்தவங்களுக்கு" என்றாள் மார்கெல்லா.

"தல எங்கம்மா?" என்று நான் கேட்டேன். மீனுக்குத் தலை இல்லை.

"சூப்புக்கு எடுத்தாச்சு. ஈயம் பூசுறவனுக்கு மீன் கணக்கு எதுக்கு?"

மார்கெல்லா தாம்பாளத்தை வாங்கி நடு வரிசையில் வைத்தாள். அரை மணி நேரம் கழித்துத் திருப்பும்போது அந்தத் தாம்பாளத்தில் தண்ணீர் தேங்கி நின்றது. மற்ற நாற்பதில் எண்ணெய் பொரிந்துகொண்டிருக்க, இதில் வெங்காயம் குளித்துக்கொண்டிருந்தது. மூன்று முறை தாம்பாளத்தைச் சாய்த்துத் தண்ணீரை வடித்தாள். என்னிடம் எண்ணெய் கேட்டு வாங்கி மேலே ஊற்றினாள். வாய்ப்பக்கம் இழுத்து, தோல் சிவக்கும் வரை காத்தாள். மற்ற எந்தத் தாம்பாளத்துக்கும் அன்று அவ்வளவு பாடுபடவில்லை.

"இவ்வளவு தண்ணி எங்கேருந்து வருது?" என்று கேட்டேன்.

"உன் வேலையப் பாரு அண்ணே."

பூசை முடிந்து பதினொன்றுக்குள் நாற்பத்தொரு தாம்பாளங்களும் வீடுகளுக்குப் போய்விட்டன. ஒரு மணி நேரம் கழித்து, நாங்கள் அடுப்படியைக் கூட்டிக்கொண்டிருந்தபோது, சதுக்கத்தில் கூச்சல் கேட்டது. கலியோப்பி. கையில் அந்தத் தாம்பாளம். பின்னால் அனேஸ்திஸ், கேப்டன், பெரிக்லிஸ், இரண்டு சாமிமார், அவர்களுக்குப் பின்னால் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்த தெரு.

விருந்தில் நடந்தது இது. ஆயர் இல்லத்துச் சாமி மீனவர் வீட்டுப் பிள்ளை. ஒரு வாய் எடுத்து வைத்தார். "நல்லா வெந்திருக்கு. ஆனா இது சினாக்ரிதா இல்லையே அம்மா" என்றார். அவர் சாதாரணமாகச் சொன்னதுதான். கலியோப்பியால் தாங்க முடியவில்லை. ஊர் முழுக்கத் தம்பட்டம் அடித்த மீன். அந்த நொடியில் அவள் வாயில் வந்தது: "அடுப்புக்காரி மாத்திட்டா!"

அதே வார்த்தையைச் சதுக்கத்தில் இன்னும் சத்தமாகச் சொன்னாள். "திருடி! பெரிய சாமி சாப்பிடற மீன மாத்தி வச்சிருக்கா! நாலு கிலோ சினாக்ரிதா என் வீட்டுலேருந்து போச்சு, திரும்பி வந்தது எதுவோ பொணம்!"

மார்கெல்லா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வெளியே வந்தாள். அவள் முகம் அடுப்புச் சாம்பல் நிறத்தில் இருந்தது.

"நான் மாத்தல."

"பின்ன மீன் நடந்தா போச்சு? உன் அண்ணன் வீட்டுல இருக்கும். போய்ப் பாருங்க, இந்நேரம் முள்ளு கூட மிஞ்சியிருக்காது."

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. "வா, வந்து பாரு! என் தாம்பாளத்துல ரெண்டு மடவை மீன் கெடக்கு. இப்பவே தூக்கிட்டு வரேன்" என்று கிளம்பினேன்.

பெரிக்லிஸ் அதுவரை கலியோப்பி பக்கம் நின்று விரலை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். "ரொம்ப நாளா சொல்றேன், அடுப்படியில ஒரு ஒழுங்கு இல்ல. யார் என்ன எடுக்கறாங்க, யார் என்ன வைக்கறாங்க..." என்றார்.

"இவன் வீடு மட்டும் போதாது!" என்று கலியோப்பி கத்தினாள். "யாருக்கு வித்தாளோ! தெருவுல இருக்கற அத்தன தாம்பாளத்தையும் இங்க கொண்டாங்க. நாற்பதையும் தொறந்து காட்டணும்! சாமி முன்னாடி!"

பெரிக்லிஸின் விரல் பாதியில் நின்றது. கையை இறக்கிக்கொண்டு ஓர் அடி பின்னால் வைத்தார். கூட்டத்தில் இன்னும் இரண்டு பேர் பின்பக்கமாக நகர்ந்தார்கள். வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

யாக்கோவோஸ் சாமி யோசித்தார். "மார்கெல்லா, தொறந்து காட்டிட்டா உனக்கும் நல்லதுதானம்மா. பழி போயிடும். எல்லாரும் கொண்டு வரட்டுமே?"

"வேணாம் சாமி."

"ஏம்மா?"

"என் அடுப்புல வெந்த தாம்பாளத்த யாரும் தெருவுல தொறக்கக் கூடாது."

"பாத்தீங்களா!" கலியோப்பி கையைத் தட்டினாள். "மடியில கனம் இல்லாதவளுக்கு என்னத்துக்குப் பயம்?"

நான் தங்கையின் கையைப் பிடித்தேன். "பைத்தியமாடி உனக்கு? என் வீட்டுதையாவது காட்டிடறேன்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

"காட்டாத அண்ணே. உன் வீட்டத் தொறந்தா பக்கத்து வீட்டத் தொறக்கணும். அப்புறம் அதுக்கடுத்த வீடு. எங்க நிக்கும்?"

"அடுப்பு போயிடும்."

"போகட்டும்."

அந்த நிமிடம் அவளை அறைந்துவிடலாம் போல இருந்தது. பதினைந்து வருட உழைப்பு, ஒற்றைக் கையால் தூக்கி நிறுத்திய பிழைப்பு. யாருக்காக அதை விடுகிறாள் என்று தெரிந்ததால் கோபம் இன்னும் கூடியது. அவர்களில் ஒருவர் எதிரில் நின்று அவளைத் திருடி என்று சொன்னவர்களோடு தலையாட்டிக்கொண்டிருந்தார்.

மார்கெல்லா என் கையை விடுவித்துக்கொண்டு கலியோப்பியிடம் போனாள்.

"ஒரே ஒரு தாம்பாளத்தத்தான் தொறக்கலாம். உங்களுது. ஏன்னா நீங்களே தெருவுக்குக் கொண்டாந்துட்டீங்க."

"தொற! நல்லாத் தொற!"

கிணற்று மேடையில் தாம்பாளத்தை வைத்தார்கள். மீனில் முக்கால் பங்கு அப்படியே இருந்தது. மார்கெல்லா என்னிடம் கத்தி கேட்டாள்.

"இந்த நார்த்தங்கா உங்க மரத்துதா?"

"பின்ன யாருதுடி? இந்த ஊர்ல வேற யாருகிட்ட இருக்கு?"

"தெருவுல யாருக்காவது ஒண்ணு குடுத்திருக்கீங்களா?"

"இருபத்திரண்டு வருஷமா ஒரு இல கூட வெளிய போனதில்ல!"

"அது ஊருக்கே தெரியும்" என்று கூட்டத்திலிருந்து ஸ்மராக்தா சொன்னாள். வலை பின்னுகிறவள், வாய் நீளம். "என் மகளுக்கு மசக்கைன்னு ஒரு காய் கேட்டப்போ நாய அவுத்து விட்டாங்களே."

மார்கெல்லா மேலே கிடந்த நார்த்தை வட்டங்களை ஒவ்வொன்றாய் எடுத்து ஓரம் வைத்தாள். மீனின் பக்கத்தில் ஏழு கீறல். கத்தி முனையால் முதல் கீறலை விலக்கினாள். உள்ளே அரை வட்டமாக நார்த்தங்காய். சதை அதைச் சுற்றி இறுகி வெந்திருந்தது, எடுத்தபின் அதன் அச்சு அப்படியே பதிந்திருந்தது. இரண்டாவது கீறல். அதிலும் நார்த்தங்காய். ஏழிலும்.

"மீன நான் மாத்தியிருந்தா, கீறல்ல வேற வீட்டு எலுமிச்சைதானே இருக்கணும்?" என்றாள்.

கூட்டம் முணுமுணுத்தது. அப்போது பெரிக்லிஸ் மறுபடி பேசினார். பேசாமல் இருந்திருக்கலாம்.

"மேல இருந்தத எடுத்து நறுக்கி உள்ள சொருகியிருக்கலாமே?"

மார்கெல்லா அவரை ஒரு கணம் பார்த்தாள். மீனைத் தாம்பாளத்திலேயே மெல்லப் புரட்டினாள். வயிறு மேலே வந்தது. வெள்ளை நூலால் தைத்திருந்தது. நூலிடுக்கில் செலரியும் நார்த்தைத் தோலும் தெரிந்தன.

"நீங்க தையக்காரரு. பக்கத்துல வந்து பாருங்க. இந்தத் தையல் எப்படி?"

அவர் வர மனமில்லாமல் வந்தார். குனிந்தார். எத்தனை வயதானாலும் தொழில்காரன் கண் தையலைக் கண்டால் எண்ணாமல் இருக்காது.

"பதினாலு. ஒரே அளவு. நல்ல கை" என்றார்.

"எத்தன கை?"

மார்கெல்லா தன் இடது கையை மீனுக்குப் பக்கத்தில் கல்லின்மேல் வைத்தாள். ஒட்டிய நான்கு விரல்கள்.

"கேப்டன் வீட்டம்மா, இருபத்துமூணு வருஷம் முன்னாடி எங்கம்மாகிட்ட இந்தக் கையப் பத்தி என்ன சொன்னீங்க? இங்கயும் சொல்லுங்க."

ஸ்மராக்தா சொன்னாள். "நானும் அன்னிக்கு அங்க இருந்தேன். சட்டைப் பித்தான் தைக்கத் தெரியாத கை, ஊசியில நூல் கோக்கத் தெரியாத கைன்னாங்க! இப்ப அந்தக் கை மீன் வயித்துல பூவேல பண்ணிடுச்சாம்! பூசைக்குப் போகாம நாங்க பத்துப் பேரு கடைசி வரைக்கும் வாசல்ல நின்னோம், அவளோ அவ அண்ணனோ ஒரு நிமிஷம் உக்காந்து நாங்க பாக்கல."

முதலில் பெண்கள் சிரித்தார்கள். பிறகு ஆண்கள். சின்னச் சிரிப்பு இல்லை. கலியோப்பி தன் கணவர் பக்கம் திரும்பினாள். "கல்லு மாதிரி நிக்கறீங்களே! நம்ம வீட்டு மானம் போகுது!"

கேப்டன் லெயோனிஸ் அதிகம் பேசாதவர். தாம்பாளத்தில் கை வைத்து ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டார்.

"இது கப்பல்ல ஐஸ் போட்டு வர்ற வெள்ள மீன். பதினோரு வருஷம் தின்னிருக்கேன். மேசையில மொத வாய்லயே தெரிஞ்சிபோச்சு" என்றார்.

"தெரிஞ்சா ஏன் வாயத் தொறக்கல?"

"நீ தொறந்து வச்சிருந்த. எனக்கு எடம் ஏது?"

ஆயர் இல்லத்துச் சாமி தாடிக்குள் சிரிப்பை மறைத்துக்கொண்டு கோவில் பக்கம் நடந்தார். அனேஸ்திஸ் எப்போது போனான் என்றே தெரியவில்லை. நகரத்தில் ஐஸ் கிடங்கில் அந்த மீனை வாங்கிவந்தவன் அவன்தான். தலையே இல்லாமல் வந்த மீன் அது. சூப்பு என்றது, நார்த்தையை வெட்டிய கழுத்திலிருந்து வால் வரை அடுக்கியது எல்லாம் கலியோப்பியின் வேலை. தோல் தெரியக் கூடாது என்று அவள் பரப்பியதுதான் அவளைக் காட்டிக்கொடுத்தது.

"ஐஸ் மீனுன்னு காலையிலயே உனக்குத் தெரியுமா?" என்று யாக்கோவோஸ் சாமி மார்கெல்லாவிடம் கேட்டார்.

"தண்ணி விட்டப்பவே தெரியும் சாமி."

"அப்ப மொதல்லயே சொல்லியிருக்கலாமே?"

"தாம்பாளத்துக்குள்ள இருக்கறத நான் சொல்றதில்ல. இப்பவும் ஐஸ் மீனுன்னு சொன்னது கேப்டன். நான் இல்ல."

மாலையில் குழு கூடியது. சாமி மார்கெல்லாவுக்குக் கை தூக்கினார். கேப்டன் மார்கெல்லாவுக்குக் கை தூக்கினார். பெரிக்லிஸ் தூக்கவில்லை. அனேஸ்திஸுக்கு என்றும் சொல்லவில்லை, அவளுக்கு வேண்டாம் என்று மட்டும் சொன்னார். ஏன் என்று எனக்குத் தெரியும். இங்கே எழுதமாட்டேன். இரண்டுக்கு ஒன்றில் அடுப்பு தங்கியது. அடுத்த பதினெட்டு வருடமும் அவளிடமே இருந்தது.

கலியோப்பி அதற்குப்பின் அடுப்புக்குத் தாம்பாளம் அனுப்பவில்லை. வீட்டிலேயே எரிவாயு அடுப்பு வாங்கி மீன் வேகவைத்தாள். திருநாள் தோறும் அவள் வீட்டிலிருந்து கருகிய வாடை வரும். நான் பட்டறைக் கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவள் இறக்கும் வரை எனக்கு வணக்கம் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. அவள் சவ அடக்கத்துக்கு மார்கெல்லா போனாள். நான் போகவில்லை.

பெரிக்லிஸ் வீட்டுத் தாம்பாளம் அதற்குப் பிறகும் திருநாள் தவறாமல் அடுப்புக்கு வந்தது. அவள் வாங்கி, வேகவைத்து, தாள் மூடித் திருப்பிக் கொடுத்தாள். ஒரு தடவைகூட அவர் நன்றி என்று சொல்லி நான் கேட்டதில்லை. அவர் மகன்தான் இப்போது "ஒரு பெண்" என்று எழுதியிருக்கிறார்.

போன வாரம் சங்க அலுவலகத்துக்குப் போய், அடுத்த பதிப்பில் பெயரைப் போடுங்கள் என்று கேட்டேன். "பாக்கலாம் பெரியவரே, எடம் இருந்தா" என்றார் செயலாளர். சுவருக்கு அரைப் பக்கம் இருந்தது.

வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன். மார்கெல்லா எதிரில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள், காயை இடது கை மடிப்பில் அழுத்தி, வலது கட்டைவிரலால்.

"அன்னிக்கு மூணு தாம்பாளத்தோட எடை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு" என்றேன். "பேரப் போடலன்னா நான் அந்த எடைய எழுதிடுவேன். வெறும் தாம்பாளம் எவ்வளவு, அன்னிக்கு எவ்வளவுன்னு. அப்புறம் பாக்கட்டும், யாரு யாரத் திருடின்னு சொன்னாங்கன்னு."

அவள் தலை நிமிரவில்லை.

"எழுது" என்றாள். "நீ எழுதினா, என் அண்ணனுக்கு வயசாயிடுச்சு, பொய் சொல்றான்னு நான் சொல்லுவேன். ஊரு உன்ன நம்புமா, என்ன நம்புமா?"

பட்டாணித் தோலை என் தாளுக்குப் பக்கத்தில் தள்ளினாள். நான் அந்த மூன்று பெயரையும் எழுதவில்லை. அவளுடைய முழுப் பெயரை மட்டும் எழுதிவைக்கிறேன், அச்சடிக்கிறவர்கள் எழுத்துப் பிழை இல்லாமல் போடுவதற்காக: மார்கெல்லா ஸ்தமாத்தியூ கலாய்த்சி, ஈயம் பூசும் ஸ்தமாத்திஸின் மகள், 1946 முதல் 1979 வரை.